பழைய வண்டியும் புதிய மூட்டும்

(சங்க ஆண்டு விழாவின் இரண்டாம் நாள் காலை நிகழ்ச்சியில் ஆற்றிய சொற்பொழிவு)

     

நேற்று மாலை இதே மேடையில் புலவர் பெருமக்கள் சிலம்பின் சுவையை எடுத்துரைக்கக் கேட்டு மகிழ்ந்தோம். அச்சுவை செவியை விட்டு அகலுமுன், மோட்டார் வண்டியின் அடிப்புறத்தில் எண்ணெயும் சேறும் படிந்து கிடக்கும் ஓர் இரும்பு மூட்டைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். பட்டறைகளில் அதனை ‘டை ராட் எண்ட்’ என்பர். வண்டியோட்டி கையிற்பிடிக்கும் ஸ்டியரிங் வளையத்தின் ஆணையை முன்சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்கும் கடைசி மூட்டு அதுவே. இலக்கிய மேடையில் இதற்கென்ன இடம் என்று அன்பர்கள் ஐயுறலாம். வள்ளுவப் பெருந்தகை வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் பெருந்தேரின் அச்சாணியை உவமையாக எடுத்தாண்டிருப்பதை இவ்வவையோர் நன்கறிவர். அச்சாணியைப் பாடிய மொழியில் அதன் இக்கால உறவினர் ஒருவரைப் பற்றிப் பேசுவது இழுக்காகாது என்னுந் துணிவுடன் தொடங்குகின்றோம்.

அம்பாசிடரும் நம் நகரமும்

நம் சங்க உறுப்பினர் சிலருடைய இல்லங்களில் பழைய வண்டிகள் இன்றும் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை அம்பாசிடர். 1942இல் தோன்றிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியின் அமைப்பைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 1957 முதல் இதனை உருவாக்கி வந்தது. 2014 மே மாதத்தில் அவ்வாலையில் வேலை நின்றது. ஏறத்தாழ 57 ஆண்டுகள் பெரிதும் உருமாறாமல் ஓடிய வண்டி உலகில் அரிது. திருவனந்தபுரத்துத் தலைமைச் செயலகத்தின் வாயிலிலும், தம்பானூர் நிலையத்தின் முன்பும், சாலைக் கடைத்தெருவிலும் இதனைக் காணாத நாளே இல்லை என்னும்படி ஒரு காலம் இருந்தது.

பழைய வண்டியைப் போற்றும் மரபு இந்நகருக்குப் புதிதன்று. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அவர்கள் 1950களில் வாங்கிய ‘கேன் 42’ என்னும் எண்ணுடைய மெர்ஸிடிஸ் பென்ஸ் வண்டியைப் பல்லாண்டுகள் பேணி வந்ததை இந்நகரத்தார் அறிவர். அரசும் இத்தகைய வண்டிகளுக்கென 2021இல் தனி விதிகள் வகுத்தது. 50 ஆண்டு நிரம்பிய, உருமாற்றப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ள அவ்விதிகள் இடந்தருகின்றன. மகிழ்ச்சியே. ஆயினும், பதிவுச் சீட்டு வண்டியின் வயதைச் சொல்லுமேயன்றி, அதன் மூட்டின் தேய்வைச் சொல்லாது. அதனை உடையவரே அறிதல் வேண்டும்.

எமக்கு நேர்ந்தது

எம்மிடம் உள்ளது 1972ஆம் ஆண்டு மார்க் 2 அம்பாசிடர்; எம் தந்தையார் வாங்கியது. கே.எல்.டி. என்று தொடங்கும் பழைய எண் பலகை இன்றும் அதன் நெற்றியில் உண்டு. சில ஆண்டுகட்கு முன் ஆவணி மாத முகூர்த்தம் ஒன்றிற்கு அவ்வண்டியில் நாகர்கோவில் சென்று, மாலையில் திரும்பினோம். பின்னிருக்கையில் எண்பது கடந்த எம் அன்னையாரும், பேரக்குழந்தைகள் இருவரும். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்சென்றன. நெரிசல் குறைந்த இடங்களில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தோம்.

கரமனையில் பெருஞ்சாலையை விட்டு எம் தெருவுக்குள் வண்டியைத் திருப்பியபோது அடியில் ‘டக்’ என்றோர் ஓசை எழுந்தது. ஸ்டியரிங் திரும்பிற்று, இடச்சக்கரமும் திரும்பிற்று, வலச்சக்கரம் மட்டும் ஆணைக்கு அடங்காது வெளிப்புறமாய்ச் சாய்ந்து, மதில் ஓரத்து ஓடையில் இறங்கி நின்றது. நடந்து செல்வார் வேகமே அப்போது எம் வண்டியின் வேகம். ஆதலின் ஒருவர்க்கும் ஒரு கீறலும் இல்லை. அரைத் தூக்கத்திலிருந்த அன்னையார், “வீடு வந்தாச்சாப்பா?” என்று வினவினார்கள். “வந்தாச்சும்மா” என்று கூறினோம். கூறிய நாவு உலர்ந்துவிட்டது. கால் மணி நேரத்திற்கு முன் இம்மூட்டு கழன்றிருந்தால் அவ்வினாவைக் கேட்க அவர்களும், விடை கூற யாமும் இருந்திருப்போமோ!

மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16 மீட்டருக்கும் மேற்பட்ட ஓட்டம். என்ன நேர்ந்தது என்பதை மனம் உணருமுன்னரே வண்டி எதிர்வரும் லாரியின் பாதையிற் புகுந்திருக்கும்.

குனிந்து நோக்கினோம். மூட்டின் தண்டு ஸ்டியரிங் கையின் துளையிலிருந்து கீழே இறங்கிக் கிடந்தது. அதனை இறுக்கியிருக்க வேண்டிய நட் காணப்படவில்லை. நட் கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின் இருந்த சுவடும் இல்லை. ஒரு திங்களுக்கு முன்புதான் பட்டறை ஒன்றில் அம்மூட்டைப் புதிதாய் மாற்றியிருந்தோம். மாற்றிய கைகள் ஒரு சிறு கம்பித் துண்டைச் செருக மறந்துவிட்டன. அப்பட்டறையாரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. இரண்டு கிழமைகளாகத் திருப்பங்களில் ஓர் ஓசை எமக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ‘வயதான வண்டி; ஓசை எழுவது இயல்பே’ என்று இருந்துவிட்டோம். பட்டறையின் பிழை மறதி. எம் பிழை சோம்பல். மூன்று உயிர்களைப் பின்னிருக்கையில் ஏற்றியவர் யாமே.

ஆசான் கூறியது

மறுநாள் வண்டியைப் பார்க்க வந்தவர் நாஞ்சில் நாட்டிலிருந்து இளமையிலேயே இந்நகருக்கு வந்த முதியவர். பட்டறைப் பிள்ளைகள் அவரை ஆசான் என்றே அழைப்பர். யாமும் அவ்வாறே அழைத்தோம். இந்நகரத்து அரசுப் பேருந்துப் பட்டறையில் பணிசெய்த ஒருவரிடம் அவர் தொழில் கற்றவர்.

அப்பட்டறை மரபைப் பற்றி ஒரு சொல். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியபோது, இலண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து சால்டர் என்பவரை அழைத்து மேற்பார்வையாளராக அமர்த்தியது. கப்பலில் வந்த அடிச்சட்டங்களின்மேல் வண்டிக் கூடுகளை இந்நாட்டுத் தொழிலாளரே கட்டினர். நாகர்கோவில் வழித்தடமே அந்நாளில் முதன்மையானது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென்வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. எல்லைக்கோடு இடையே வீழ்ந்த பின்னரும் அவ்வட்டங்களிலிருந்து தொழில் தேடி இந்நகருக்கு வருவோர் வந்தவண்ணமே இருந்தனர். இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போரிற் பலர் அவ்வழி வந்தோரின் மக்களே.

ஆசான் வண்டியடியிற் படுத்து, வெகுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கூறினார்: “எஞ்சின் நின்னு போச்சுன்னா வண்டி நிக்கும், தம்பி. இது கழண்டா நிக்காது.”

இருபது ஆண்டுகளாக எஞ்சினின் ஓசையையும் மேற்பூச்சின் பளபளப்பையும் போற்றி வந்த எமக்கு, அவ்வொரு சொல் ஒரு நூலாயிற்று. அன்று மாலை வரை அவர் அருகிலிருந்து கற்றதையே இனி உங்கட்குக் கூறப்போகின்றோம்.

மூட்டின் அமைப்பு

அம்பாசிடரில் ஸ்டியரிங் அமைப்பு ராக் அண்ட் பினியன் வகையைச் சார்ந்தது. வளையத்தைத் திருப்பினால் பற்சக்கரம் சுழன்று, பற்களுள்ள நீண்ட தண்டொன்றை இடமும் வலமுமாகத் தள்ளுகின்றது. அத்தண்டின் இரு முனைகளிலிருந்தும் பக்கத்திற்கு ஒன்றாக டை ராட் என்னும் இணைப்புக் கம்பிகள் சக்கரங்களை நோக்கிச் செல்கின்றன. கம்பியின் வெளிமுனையில் திருகப்பட்டிருப்பதே நாம் பேசும் மூட்டு.

நம் தோள்மூட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு கிண்ணத்துள் ஓர் உருண்டை. அஃதே இம்மூட்டின் அமைப்பும். எஃகு உருண்டையினின்று நீளும் தண்டு கூம்பு வடிவினது. அது சக்கரத்தோடு பிணைந்த ஸ்டியரிங் கையின் கூம்புத் துளையில் இறுகப் பொருந்துகின்றது. சக்கரம் பள்ளத்தில் விழுந்தெழும்போது மேலுங் கீழும் அசையவும், திரும்பும்போது சுழலவும் வேண்டியிருத்தலின், விறைத்த இணைப்பு இங்கே உதவாது. உருண்டையைச் சுற்றிக் கிரீஸ் உண்டு; அதனைக் காக்க ரப்பர் உறை உண்டு. அவ்வுறை கிழிந்த நாளே மூட்டின் நோய் தொடங்கும் நாள். நம் ஊரில் இடவப்பாதி மழையும் துலா மழையும் சேற்று நீரை உள்ளே செலுத்தும்; கடற்காற்று துருவை வளர்க்கும்; மணல் உருண்டையை அராவும்.

வண்டி திரும்புங்கால் இரு முன்சக்கரங்களும் ஒரே அளவு திரும்புவதில்லை. உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திற் செல்லவேண்டியிருத்தலின் அது மிகுதியாய்த் திரும்புதல் வேண்டும். மியூனிக் நகரத்து வண்டி செய்வோரான லாங்கன்ஸ்பெர்கர் குதிரை வண்டிகளுக்காக இவ்வமைப்பைக் கண்டார். அவர் சார்பில் அக்கர்மன் என்பவர் 1818இல் இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. இந்த நுண்ணிய கணக்கு முழுவதும் ஈற்றில் இவ்விரு மூட்டுகளின் உறுதியைச் சார்ந்தே நிற்கின்றது.

தேய்வை அறியும் வழி

நேர்ச்சாலையில் வண்டி அலைதல், ஸ்டியரிங் வளையத்தில் வெற்றாட்டம் மிகுதல், திருப்பத்தில் ‘டக் டக்’ என்னும் ஓசை, டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்தல் ஆகியன முதல் அறிகுறிகள். ஐயம் தோன்றின் இவ்வாறு சோதிக்க: பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியடியிற் செல்லற்க. சக்கரத்தை இடமும் வலமும் இரு கைகளாற் பற்றி ஆட்டுக. மற்றொருவர் மூட்டின்மேல் விரலை வைத்திருக்கட்டும். கம்பி அசைந்தும் ஸ்டியரிங் கை உடனே அசையாவிடின், தேய்ந்தது அம்மூட்டே என அறிக. மேலுங் கீழும் பற்றி ஆட்டும்போது அசைவு தெரிந்தால் குற்றம் வேறிடத்தது. சக்கர பேரிங்கையோ, சக்கரத்தைத் தாங்கும் சுழல் மூட்டையோ பார்த்தல் வேண்டும். நோயை அறியாது மருந்தை மாற்றுவது வீண்செலவு.

மாற்றும் முறை

முன்னாள் இரவே துருவை இளக்கும் எண்ணெயைப் புரிகளின்மேல் இட்டு ஊறவிடுக. மறுநாள் இரும்புத் தூரிகையாற் சேற்றைத் தேய்த்து நீக்குக. கம்பியும் மூட்டும் சேருமிடத்தில் உள்ள லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துக. பழைய மூட்டு நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுதல் இங்கே தலையாய கடமை. புரியின்மேல் வண்ணப் பூச்சால் ஒரு கோடிடலாம். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணித் தாளில் எழுதியும் வைக்கலாம். ஆசான் இரண்டையும் செய்தார். “கணக்குத் தப்பினா டயரு திங்கும்” என்றார்.

அடுத்து ஸ்பிளிட் பின்னை இழுத்தெடுத்து, கோட்டைச் சுவரின் மேல்விளிம்பு போல் வெட்டுகள் அமைந்த காஸில் நட்டைத் தளர்த்துக. முழுதும் கழற்றாது சில புரிகளில் நிற்கவிடுக. மூட்டு திடீரென விடுபடும்போது அது தாங்கிக்கொள்ளும். கூம்புத் தண்டு எளிதில் வெளிவராது. இழுக்கும் கருவி இருப்பின் நன்று. இல்லையெனில் இரண்டு சுத்தியல்கள் போதும். ஒன்றை ஸ்டியரிங் கையின் கண்ணுக்கு ஒருபுறம் அழுத்திப் பிடித்து, மற்றொன்றால் எதிர்ப்புறம் ஓங்கி அடித்தால், அவ்வதிர்ச்சியில் துளை நொடிப்பொழுது நெகிழ்ந்து கூம்பு விடுபடும். அடிக்க வேண்டியது கையின் கண்ணையே. தண்டின் புரியை அன்று. புரியின்மேல் அடிப்பவர் உதவக்கூடிய பொருளையும் கெடுக்கின்றார்.

புதிய மூட்டை எழுதி வைத்த சுற்றுகளின்படியே திருகுக. அம்பாசிடரின் அமைப்பு எளியது. நடுவே சரிசெய்யும் குழல் அமைந்த வேறு வண்டிகளில் ஒரு முனை வலப்புரியாகவும் மற்றது இடப்புரியாகவும் இருக்கும் என்பதை அவற்றை வைத்திருப்போர் மறவற்க. கூம்புத் துளையைத் துணியால் நன்கு துடைத்து உலர்வாக வைத்தல் வேண்டும். கிரீஸ் உருண்டைக்கு உரியது, கூம்புக்கு ஆகாது. உலர்ந்த இரும்பின் பிடியே கூம்பின் வலிமை. எம் வண்டியிற்போல் தளர்ந்த மூட்டோடு ஓடிய வண்டியாயின் துளை நீள்வட்டமாய்த் தேய்ந்திருக்கக்கூடும். அவ்வாறாயின் ஸ்டியரிங் கையையும் மாற்றுதலே அறிவுடைமை. எம் வண்டிக்கு ஆசான் அதனையும் மாற்றினார்.

பின்பு காஸில் நட்டை நன்கு இறுக்குக. தண்டின் துளையும் நட்டின் வெட்டும் நேருக்கு நேர் வாராவிடின், மேலும் சிறிது இறுக்கி நேராக்குக. ஒருபோதும் தளர்த்தி நேராக்கற்க. அதன் பின் புதிய ஸ்பிளிட் பின்னைச் செருகி, இரு கால்களையும் மடக்குக. பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தற்க. ஆணியோ கட்டுக்கம்பியோ அதற்கு ஈடாகாது. மோட்டார் வண்டியின் அச்சாணி என்று தொடக்கத்தில் யாம் குறித்தது இதனையே. சில காசுகளே பெறும். எம் குடும்பத்தின் உயிர் அன்று அதனிடமே இருந்தது. நிறைவாக, லாக் நட்டை இறுக்கி, கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருப்பின் கிரீஸ் ஏற்றி, வளையத்தை இருபுறமும் கடைசி வரை திருப்பி எங்கும் தடையும் உரசலும் இல்லை என உறுதி செய்க. ஒருபுறம் தேய்ந்திருப்பின் மறுபுறமும் அதே சாலையைக் கண்டதே. இரண்டையும் சேர்த்து மாற்றுதல் நலம்.

நேர்படுத்தல்

வேலை இத்துடன் முடிந்ததென்று எண்ணற்க. இதுபோன்ற வண்டியில் முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடச் சற்றே நெருங்கியிருத்தல் வேண்டும். இதனை டோ-இன் என்பர். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். புரியின் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் என்றும், ஸ்டியரிங் கையின் நீளம் 5 அங்குலம் என்றும் கொள்வோம். மூட்டு ஒரு சுற்று மாறினால், 15 அங்குலச் சக்கர வளையத்தின் முன்விளிம்பு 2 மில்லிமீட்டருக்கு மேல் ஒருபுறம் நகரும்; பின்விளிம்பு அதே அளவு எதிர்ப்புறம் நகரும். இரண்டுங் கூடி வேறுபாடு 4 மில்லிமீட்டரைத் தாண்டும். சில மில்லிமீட்டரே அளவாக வேண்டிய இடத்தில் இது பெரும்பிழை. ஆதலின் சுற்றெண்ணிப் பொருத்தியதை வீல் அலைன்மெண்ட் செய்யும் இடம் வரை மெதுவாகச் செல்வதற்கான தற்காலிக ஏற்பாடாகவே கொள்ளல் வேண்டும். திருத்தும்போது இருபுறமும் ஒத்த அளவில் திருத்தினாலன்றி ஸ்டியரிங் வளையம் நடுவில் நில்லாது. சில நாள் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை குனிந்து பின்னையும் நட்டையும் பார்த்தல் நன்று.

உதிரிப்பொருள் கிடைக்குமோ என்று அஞ்ச வேண்டா. சென்னையில் 1929இல் வணிக நிறுவனமாகத் தொடங்கிப் பிற்பாடு ஸ்டியரிங் இணைப்புகளைத் தயாரிக்கத் தலைப்பட்ட ரானே போன்ற நிறுவனங்கள் இத்துறையில் நம் நாட்டைத் தன்னிறைவு பெறச் செய்துள்ளன. பெயர் தெரியாத மலிவுப் பொருளை மட்டும் இவ்விடத்தில் வாங்கற்க. மேற்பூச்சில் சிக்கனம் காட்டலாம், இருக்கைத் துணியில் சிக்கனம் காட்டலாம், இதிற் காட்டலாகாது.

எம் வேண்டுகோள்

அன்பர்களே! இச்சொற்பொழிவை முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். பழைய வண்டியை நாம் ஏன் வைத்திருக்கின்றோம்? நம் தந்தையர் ஓட்டினர். நம் அன்னையர் அதிலமர்ந்து சுசீந்திரம் தேரோட்டத்திற்கும் குமரிக் கடலாட்டத்திற்கும் சென்றனர். நாமும் மணக்கோலத்தில் அதில் இறங்கினோம். அந்நினைவைப் போற்றுவோர் அந்நினைவே ஒரு நாள் துயரச் செய்தியாகாமற் காத்தலும் கடன். விழாநாளில் வண்டிக்கு மாலை சூட்டிச் சந்தனம் இடுகின்றோம். அது நல்ல வழக்கமே. மாலை சூட்டுமுன் ஒருமுறை குனிந்து அடியில் நோக்குவதையும் அவ்வழக்கத்தோடு சேர்த்துக்கொள்வோமாக.

விழா முடிந்த அடுத்த ஞாயிறன்று காலை, பழைய வண்டி உடைய உறுப்பினர்கள் தத்தம் வண்டிகளுடன் சங்க முற்றத்திற்கு வருமாறு வேண்டுகின்றோம். ஆசான் வர இசைந்துள்ளார். ஜாக்கியும் தாங்கிகளும் யாம் கொணர்வோம். ஒவ்வொரு வண்டியாக உயர்த்தி, மூட்டுகளை ஆட்டிப் பார்த்து, ஸ்பிளிட் பின் உள்ளதா என்று நோக்குவோம். ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம் போதும். ஒரு பெட்டி நிறையப் புதிய பின்களும் எம் கைவசம் இருக்கும். அவற்றிற்கு விலை இல்லை. பத்து வண்டிகளில் ஒன்றிலேனும் பின் இல்லாத நட் காணப்படுமாயின், இன்று நீங்கள் எம்பொருட்டுச் செலவிட்ட இந்த அரைமணி நேரம் வீணாகவில்லை என்று மகிழ்வோம்.